மேலே மாமரம், உள்ளே எவர்சில்வர்

கடைசல் பழக வருகிறவர்கள் பெரும்பாலும் மரத்தில்தான் மயங்குகிறார்கள். புளியமரத்து வைரத்தின் (நடுக்கட்டையின்) கருஞ்சிவப்பு, மாமரத்தில் ஓடும் கரும்புள்ளி ரேகை, வாகையின் காபி நிறம் என்று பார்த்துக்கொண்டே இருக்கத் தோன்றும். எனக்கும் அப்படித்தான். ஆனால் பாட்டில் மூடி என்று வரும்போது மரத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, பாட்டிலுக்குள் இறங்குகிற அடிப்பாகத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பேன். மூடும் வேலையைச் செய்வது அதுதான். மேலே நாம் கடைந்து வைப்பது பிடித்து இழுக்க ஒரு பிடி, அவ்வளவுதான். பிடி எத்தனை அழகாக இருந்தாலும் அடிப்பாகம் கசிந்தாலோ துருவேறினாலோ வாங்கியவர் அதை ஒரு மாதத்தில் ஓரம் கட்டிவிடுவார்.

எந்த அடிப்பாகம் என்று முடிவு செய்ய எனக்கு உதவுகிற கேள்வி ஒன்றுதான்: அந்தப் பாட்டிலுக்குள் என்ன இருக்கப் போகிறது?

என் பட்டறை கிருஷ்ணகிரி மாவட்டத்துக் காவேரிப்பட்டினம் பக்கம். என்னிடம் மூடி வாங்குகிறவர்கள் இரண்டு வகை. ஓசூரிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் பரிசு கொடுக்க வாங்குகிறவர்கள் ஒயின் பாட்டிலுக்குக் கேட்பார்கள். தர்மபுரி, பாலக்கோடு பக்கம் மரச்செக்கு வைத்திருப்பவர்கள் கண்ணாடி பாட்டிலில் நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும் ஊற்றி விற்க மூடி கேட்பார்கள். ஒன்றில் புளிப்பு, இன்னொன்றில் எண்ணெய். ஒன்றுக்குச் சரியாக இருக்கும் ரப்பர் இன்னொன்றில் ஊதிப்போகும். ஒன்றில் பரவாயில்லாத உலோகம் இன்னொன்றைக் கெடுக்கும். கடையில் "பாட்டில் ஸ்டாப்பர் கிட்" என்று ஒரே பெயரில் விற்பதை அப்படியே வாங்கி எல்லாவற்றுக்கும் மாட்டினால் சரிவராது.

முதலில் தக்கை. நடுவில் துளை போட்ட கூம்புத் தக்கையை வாங்கி, மரத்தில் ஒரு முளை கடைந்து, பசை போட்டு ஒட்டிவிட்டால் மூடி தயார். செலவு குறைவு, மரையும் வேண்டாம், பார்க்கவும் இதமாக இருக்கும். தக்கை என்பது ஒரு வகை ஓக் மரத்தின் பட்டை. உலகத் தக்கையில் பாதியளவு போர்ச்சுகலிலிருந்துதான் வருகிறது. நல்ல தக்கை அமுங்கி விரியும், பாட்டில் வாய் கொஞ்சம் கூடக் குறைய இருந்தாலும் சமாளிக்கும். கோளாறு என்னவென்றால் நாளாக ஆக ஓரம் உதிரும், கருக்கும், வாடை பிடிக்கும். எண்ணெய் பாட்டிலில் பக்கவாட்டில் எண்ணெய் ஊறி ஏறி, மேலே இருக்கும் மரத்தையும் பிசுபிசுப்பாக்கும். ஒட்டிவிட்ட தக்கையைக் கழற்றி மாற்றவும் முடியாது. தேன் பாட்டில், உலர்ந்த மசாலாப் பொடி, குளியல் உப்பு மாதிரியானவற்றுக்குத் தக்கை போதும். மற்றதற்கு நான் போடுவதில்லை.

அடுத்து, சந்தையில் அதிகம் கிடைக்கிற பளபள குரோம் மூடிகள். இவற்றில் பெரும்பாலானவை துத்தநாகக் கலவையை அச்சில் வார்த்து, மேலே குரோம் முலாம் பூசியவை. புதிதாகப் பார்த்தால் எவர்சில்வரைவிட அதிகமாக மின்னும். ஒயினின் புளிப்பு பி.எச். கணக்கில் 3-க்கும் 4-க்கும் இடையில். முலாம் முழுசாக இருக்கும்வரை தாங்கும். முலாமில் ஊசி முனையளவு ஓட்டை இருந்தால் போதும், அமிலம் உள்ளே இறங்கி அடியில் இருக்கும் துத்தநாகத்தைத் தின்ன ஆரம்பிக்கும். பிறகு கொப்புளம், அப்புறம் வெள்ளைப் பொடி, அப்புறம் முலாம் செதில் செதிலாக உரிவது. அந்தச் செதில் எங்கே விழும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆன்லைனில் "எஸ்.எஸ்.", அதாவது எவர்சில்வர் என்று போட்டு விற்ற ஒரு பெட்டி அடிப்பாகம் என்னிடம் வந்தபோது அதில் பாதி இந்த ரகம்தான். சோதித்துப் பார்த்ததால் ஒரு மூடியிலும் மாட்டாமல் திருப்பி அனுப்ப முடிந்தது.

சோதனை மிகவும் எளிது, நம் ஊரில் அதற்கான பொருள் எல்லா வீட்டிலும் இருக்கிறது: புளி. புளியில் இருக்கிற முக்கியமான அமிலம் டார்டாரிக் அமிலம். திராட்சையிலும் அதிலிருந்து வரும் ஒயினிலும் முக்கியமான அமிலம் அதேதான். அதனால் கெட்டியாகக் கரைத்த புளித்தண்ணீரில் ஒரு கல் உப்பும் போட்டு, அடிப்பாகத்தின் கீழ்ப்பாதி மூழ்கும்படி ஒரு வாரம் வைத்தால், ஒயின் பல மாதத்தில் செய்வதைக் கொஞ்சம் சீக்கிரமாகவே பார்த்துவிடலாம். ஒரு பக்கத்தில் அரத்தால் லேசாகக் கீறிவிட்டு வைக்க வேண்டும். துத்தநாகக் கலவையாக இருந்தால் கீறிய இடம் மங்கி அரித்திருக்கும். நல்ல எவர்சில்வரில் கீறல் கீறலாகவே இருக்கும். ஒவ்வொரு புது சரக்கிலும் ஒன்றை எடுத்து இப்படிப் பலி கொடுப்பதில் எனக்குத் தயக்கமே இல்லை.

பித்தளையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைத்தான் நிறைய பேர் கேட்கிறார்கள். மாமரத்தோடு பித்தளை சேர்ந்தால் கண்ணுக்கு அருமையாக இருக்கும், லேத்தில் வெட்டவும் சுகம். ஆனால் ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரத்தில் புளிக்குழம்பு வைக்கக் கூடாது என்று பாட்டிமார் சொன்னது இங்கேயும் அப்படியே பொருந்தும், களிம்பு ஏறும். இன்னொன்று, லேத் பட்டறைகளில் சுலபமாகக் கிடைக்கும் பித்தளைக் கம்பி பெரும்பாலும் ஐ.எஸ். 319 என்ற ரகம். சீவல் நீளமாகச் சுற்றிக்கொள்ளாமல் துண்டு துண்டாக உதிர வேண்டும் என்பதற்காக அதில் காரீயம் கலந்திருப்பார்கள். குடிக்கிற பொருளைத் தொடும் இடத்தில் அதை வைக்க எனக்கு மனம் வரவில்லை. எண்ணெய்க்கும் பித்தளை ஆகாது. செம்பு, எண்ணெய் காற்றோடு சேர்ந்து கெடுவதைத் துரிதப்படுத்தும், காறல் வாடை சீக்கிரம் வரும். செக்கு எண்ணெய் விற்பவர் ஆறு மாதம் கெடாது என்று சொல்லி விற்றுவிட்டு, நம் மூடியால் கெட்டுப்போனால் அது யாருக்கும் நல்லதில்லை. பித்தளை ஆசை இருந்தால் மரத்துக்கும் அடிப்பாகத்துக்கும் நடுவில், பாட்டிலுக்கு வெளியே ஒரு வளையமாக வையுங்கள். அழகு கிடைக்கும், கெடுதல் இல்லை.

ஆக எனக்கு மிஞ்சியது எவர்சில்வர். அதிலும் எல்லாம் ஒன்றில்லை. பாத்திரக் கடையில் விலை குறைவாக இருப்பது பெரும்பாலும் 202 ரகம். அதில் நிக்கலைக் குறைத்து மாங்கனீஸ் சேர்த்திருப்பார்கள். 304-ல் சுமார் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். புளிப்புக்கும் உப்புக்கும் 304 நன்றாகத் தாங்கும். காந்தம் ஒட்டவில்லை என்றால் 304 என்று பலர் சொல்வார்கள், அதை நம்ப வேண்டாம். 202-லும் காந்தம் ஒட்டாது. அதே சமயம் உண்மையான 304-ஐ வளைத்தாலோ இழுத்தாலோ அந்த இடத்தில் லேசாகக் காந்தம் பிடிக்கும். கடைகளில் சொட்டு மருந்து மாதிரி ஒரு சோதனைத் திரவம் விற்கிறார்கள். ஒரு சொட்டு விட்டு, சின்ன பேட்டரியின் மின்சாரத்தைத் தொட வைத்தால் மாங்கனீஸ் அதிகமுள்ள ரகத்தில் நிறம் மாறும். கம்பி வாங்கும்போது பழைய இரும்புக் கடைக்காரர்களும் இதைத்தான் பயன்படுத்துகிறார்கள். லேத்காரர் 303 போடலாம், வெட்டச் சுலபம் என்று சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அதில் கந்தகம் சேர்த்திருப்பதால் துருவைத் தாங்கும் சக்தி குறைவு.

அமெரிக்காவிலிருந்து வரும் ஆயத்த எவர்சில்வர் அடிப்பாகங்கள் தரமானவை. ஆனால் கப்பல் கூலி, சுங்கவரி எல்லாம் சேரும்போது மூடியின் விலையைவிட அடிப்பாகத்தின் விலை கூடிவிடும். நமக்கு இருக்கிற பெரிய வசதி ஓசூர். சிப்காட்டைச் சுற்றி சின்னச் சின்ன லேத் பட்டறைகள், சி.என்.சி. என்ற கணினி லேத் வைத்திருப்பவர்கள் நிறைய. பெரிய தொழிற்சாலைகளுக்கு உதிரி பாகம் போடுகிறவர்களுக்கு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பாகம் என்பது தினசரி பேச்சு. நான் வரைபடத்தோடு போனபோது அந்தப் பட்டறைக்காரர், "அண்ணா, இதுல கஷ்டம் ஒண்ணுமில்ல. ரப்பர் வளையம் உட்காரற காடியோட, அந்தப் பள்ளத்தோட அளவு மட்டும் சரியா எழுதிக் குடுங்க. பாட்டில் வாய் எவ்ளோன்னு அளந்தீங்களா?" என்றார். அவர் கேட்டதுதான் சரியான கேள்வி.

பாட்டில் வாயை அளந்தேன். வர்னியர் என்ற அளவுக் கருவியின் மேல் தாடையை உள்ளே விட்டு, ஒரே பாட்டிலில் இரண்டு திசையில் அளக்க வேண்டும், ஏனென்றால் கண்ணாடி வாய் முழு வட்டமாக இருப்பதில்லை. தக்கை போட்டு வரும் ஒயின் பாட்டில்களின் உள்வாய் பொதுவாக 18.5 மி.மீ., அதில் அரை மி.மீ. கூடவோ குறையவோ இருக்கும். உள்ளே இறங்க இறங்கக் கொஞ்சம் அகலமாகும். இது முக்கியமான விவரம். வாயில் இறுக்கமாக இருக்கும் மூடி ஓர் அங்குலம் கீழே தளர்ந்து நிற்கலாம். அதனால் மூடும் வளையம் வாய்க்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். ரொம்ப நீளமான அடிப்பாகத்தால் லாபம் இல்லை. 25 முதல் 30 மி.மீ. உள்ளே போனால் தாராளம். எண்ணெய் பாட்டில்களில் இந்த ஒழுங்கு கிடையாது. ஒவ்வொரு கண்ணாடிக் கம்பெனிக்கும் ஒரு வாய். செக்குக்காரரிடம் அவர் எப்போதும் வாங்குகிற பாட்டிலில் அரை டஜன் வாங்கி வந்து அளந்த பிறகே வேலையைத் தொடங்குகிறேன்.

நான் கொடுத்த அளவை இங்கே எழுதிவிடுகிறேன், யாருக்காவது உதவும். உடலின் விட்டம் 17 மி.மீ. அதில் மூன்று காடி. அதில் மாட்டும் ரப்பர் வளையம், அதாவது ஓ-ரிங், 13 மி.மீ. உள்விட்டம், 3 மி.மீ. தடிமன். மேல் இரண்டு காடியின் அடிவிட்டம் 13.6, கீழ்க்காடி 13.2. மேல் வளையங்கள் மாட்டிய பிறகு வெளிவிட்டம் 19.6 வரும். 18.5 வாய்க்குள் போகும்போது வளையம் ஒவ்வொரு பக்கமும் அரை மி.மீ.க்குச் சற்று மேல் அமுங்கும், அதாவது அதன் தடிமனில் சுமார் 18 சதவீதம். 19 மி.மீ. வாயிலும் பத்து சதவீதம் அமுங்குகிறது, 18 மி.மீ. வாயிலும் கையால் அழுத்தி உள்ளே விட முடிகிறது. கீழ் வளையம் கொஞ்சம் சின்னதாக இருப்பதால் வழிகாட்டி மாதிரி முதலில் உள்ளே போகும். காடியின் அகலம் 4 மி.மீ. வைத்தேன். ரப்பரை அமுக்கினால் அது அகலத்தில் பிதுங்கும், பிதுங்க இடம் இல்லையென்றால் மூடி உள்ளே போகாது. காடியின் இரண்டு ஓரத்திலும் பிசிறு எடுத்து, லேசாக உருட்டிவிடச் சொல்லுங்கள். சிலிக்கான் ரப்பர் வெப்பத்தைத் தாங்கும், ஆனால் கூரான ஓரத்தில் பட்டால் சட்டென்று கிழியும்.

உடலுக்கு மேலே தட்டு மாதிரி ஒரு விளிம்பு வேண்டும். அது பாட்டில் வாயில் உட்காரும், மரத்துக்கு ஒயின் படாமல் தடுக்கும். ஒரே கம்பியில் விளிம்பையும் சேர்த்து வெட்டினால் 32 மி.மீ. கம்பியில் பெரும்பகுதி சீவலாகப் போய்விடும். உடலை 20 மி.மீ. கம்பியில் வெட்டி, விளிம்பைத் தனித் தட்டாக மாட்டச் சொன்னால் செலவு குறையும். ஆனால் இரண்டுக்கும் நடுவில் ஒயின் போய்த் தங்க ஓர் இடுக்கு வரும், கழுவினாலும் போகாது. நான் சீவலுக்குக் காசு போனாலும் பரவாயில்லை என்று ஒரே துண்டாகத்தான் போடச் சொல்கிறேன்.

இனி மரை. மரத்தோடு அடிப்பாகத்தை எப்படி இணைப்பது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு: ஒட்டக் கூடாது, திருக வேண்டும். மரம் வெடித்தால் மரத்தை மட்டும் மாற்றலாம். பாட்டில் மாறினால் அடிப்பாகத்தை மட்டும் மாற்றலாம். கழற்றி நன்றாகத் தேய்த்துக் கழுவலாம். ஆயத்தமாக வரும் அமெரிக்க அடிப்பாகங்களில் மரை 3/8 அங்குலம், அங்குலத்துக்கு 16 சுற்று. நம் ஆசாரிகள் கணக்கில் மூன்று நூல். நம் ஹார்டுவேர் கடைகளில் இருக்கும் மூன்று நூல் பி.எஸ்.டபிள்யூ. (பழைய பிரிட்டிஷ் அளவு) டேப்பும், அதாவது துளைக்குள் மரை வெட்டும் கருவியும், அங்குலத்துக்கு 16 சுற்றுதான். மரையின் கோணம் மட்டும் வேறு. அவர்களுடையது 60 டிகிரி, பி.எஸ்.டபிள்யூ. 55 டிகிரி. உலோகத்தில் இதை ஒன்றுக்கு ஒன்று மாற்றிப் போடுவது சரியான வேலை இல்லை. மரத்தில் அந்த வித்தியாசம் தெரியாது. அதனால் ஓசூரில் வெட்டுவதற்கும் அதே மூன்று நூல் மரையே கொடுத்தேன். கிருஷ்ணகிரியில் வாங்கிய ஒரே டேப்பில் உள்ளூர் அடிப்பாகமும் வெளிநாட்டு அடிப்பாகமும் இரண்டும் ஏறுகின்றன.

மெட்ரிக் அளவில் 8 மி.மீ. மரையான எம்-8 போடலாமே, எங்கும் கிடைக்குமே என்று கேட்பார்கள். எம்-8-ல் மரை நெருக்கமானது, சுற்றுக்கு 1.25 மி.மீ. மரத்தில் நெருக்கமான மரை உதிர்ந்துவிடும், அகலமான மரைதான் பிடித்து நிற்கும். எம்-10 நன்றாகவே பிடிக்கும், 1.5 மி.மீ. இடைவெளி. ஆனால் எம்-10-ஐயும் மூன்று நூலையும் ஒரே பட்டறையில் வைக்காதீர்கள். பார்க்க ஒன்று மாதிரியே இருக்கும், எம்-10 அரை மி.மீ. பெரிது. மூன்று நூல் துளையில் அதைத் திருகினால் இரண்டு சுற்று போய்விட்டு மரத்தைப் பிளக்கும்.

மரத்தில் மரை வெட்டும் முறை: மாமரத்துக்கு 8 மி.மீ. பிட், புளி மாதிரி கெட்டியான மரத்துக்கு 8.5. ஆழம் 20 மி.மீ., அடிப்பாகத்தின் திருகு 14. துளை போட்டதும் லேத்தை நிறுத்திவிட்டு, டேப்பின் பின்குழியில் டெயில்ஸ்டாக்கின் (லேத்தின் எதிர்முனைத் தாங்கியின்) முனையை லேசாக அணைத்து, கையால் சுற்ற வேண்டும். அப்போதுதான் நேராக இறங்கும். ஒரு சுற்று முன்னே, அரைச் சுற்று பின்னே என்று தூளை வெளியே எடுத்துக்கொண்டே போக வேண்டும். அப்புறம் தண்ணீர் மாதிரி நீர்த்த சூப்பர் குளூ நாலைந்து சொட்டு மரைக்குள் விட்டு, நன்றாகக் காய்ந்த பிறகு அதே டேப்பை இன்னொரு முறை ஓட்டவும். நார்கள் குறுக்கே வெட்டுப்பட்ட முகத்தில் விழும் மரை இயல்பாகவே பலவீனமானது. பசை ஊறிய பிறகு கல் மாதிரி ஆகிவிடும். அவசரப்பட்டு ஈரமாக டேப்பை விட்டால் டேப் உள்ளேயே நின்றுவிடும்.

கடையும்போது மரத்தை லேத்தில் பிடித்துக்கொள்ள மேண்ட்ரல் என்ற ஒரு தண்டு வேண்டும். அதையும் அந்தப் பட்டறையிலேயே போட்டுக்கொண்டேன். 25 மி.மீ. கம்பியில் முன்னால் மூன்று நூல் மரை, பின்பக்கத்தை லேத்தின் சக்கு (பிடிப்பான்) பிடிக்கும். கடையக் கடைய மரம் தானாக இறுகிக்கொண்டே போகும், கடைசியில் கையால் கழற்ற முடியாது. நடுவில் ஒரு நைலான் வாஷர் போட்டால் சுலபமாகக் கழலும். மரத்தின் அடியை நடுவில் அரை மி.மீ. குழிவாக எடுத்துவிட்டால், எவர்சில்வர் விளிம்பின் ஓரம் மரத்தோடு இடைவெளி இல்லாமல் சேரும். மூடி கைவேலையா கடைச்சரக்கா என்று கண் தெரிந்தவர்கள் பார்ப்பது அந்தச் சேர்ப்பைத்தான்.

மரத்தைப் பற்றிக் கொஞ்சம். இங்கே மாந்தோப்பு அழிக்கும்போது பழைய பெங்களூரா மரங்கள் விறகு விலைக்குக் கிடைக்கும். மாமரத்து வெள்ளையில் (வைரத்தைச் சுற்றியுள்ள வெளிர்ப் பகுதியில்) வண்டு துளைக்கும் என்பதால் வெட்டியதும் பலகையாக அறுத்து, போராக்ஸும் போரிக் அமிலமும் கரைத்த தண்ணீரில் ஊறவைத்துக் காய வைப்பேன். காய்ந்ததா என்று பார்க்க மீட்டர் வேண்டாம். சமையலறைத் தராசில் வாரம் ஒரு முறை நிறுத்து, எடை குறைவது நின்றால் காய்ந்தது. தர்மபுரிப் பக்கத்து வறட்சியில் காய்ந்த மரம் சென்னைக்குப் போனால் ஈரம் குடித்துக் கொஞ்சம் ஊதும். திருகு இணைப்பாக இருப்பதால் அது தாங்கிக்கொள்ளும்.

புளிய வைரம் கடைய உளியை அடிக்கடி தீட்ட வேண்டும். கறிக்கடையில் வெட்டுக்கட்டையாகப் போடுகிற மரம், சும்மா விடாது. வாகைத் தூள் மூக்கில் ஏறினால் தும்மலை நிறுத்த முடியாது, முகக்கவசம் கட்டாயம். செக்குக்காரர்கள் கேட்பது எப்போதும் வாகைதான். செக்கு வாகையில் செய்தது, மூடியும் வாகையில் இருந்தால் வாங்குபவருக்கு உடனே புரிகிறது. சந்தனம், ஈட்டி மரத்தில் செய்துதரச் சிலர் துண்டைக் கொண்டு வருவார்கள். அவை வனச் சட்டக் கட்டுப்பாட்டில் இருப்பவை. ஆவணம் இல்லாத துண்டு என் லேத்தில் ஏறாது.

கருவேலம் போன்ற துவர்ப்புள்ள மரங்களில் சாதா இரும்பு பட்டால் நீலக் கறுப்பாகக் கறை இறங்கும். கடுக்காய்த் தண்ணீரில் இரும்பு போட்டால் மை ஆவது அதே வேதியியல்தான். இதனாலேயே மரத்துக்குள் போகும் திருகும் எவர்சில்வராக இருக்க வேண்டும். உடல் எவர்சில்வர், திருகு மட்டும் துத்தநாகம் பூசிய சாதா போல்ட் என்று செலவைக் குறைக்கச் சொல்வார்கள், சம்மதிக்காதீர்கள்.

வளையத்துக்கு வருவோம். ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் ஹைட்ராலிக் சாமான் கடைகளில் கறுப்பு ஓ-ரிங் கிலோ கணக்கில் கிடைக்கும். பெரும்பாலும் நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர். எண்ணெயைத் தாங்கும், ஆனால் மெஷினுக்காகச் செய்தது, சாப்பாட்டுக்காக இல்லை. உணவுத்தரம் என்று சான்றோடு வரும் சிலிக்கான் அல்லது நைட்ரைல் கேளுங்கள். ஒயினுக்கு நான் போடுவது சிலிக்கான். நல்லெண்ணெய்க்கு உணவுத்தர நைட்ரைல். இ.பி.டி.எம். என்ற கறுப்பு ரப்பர் வெந்நீருக்கு நல்லது, எண்ணெயில் ஊதும். இயற்கை ரப்பரும் அப்படியே. பார்வைக்கு எல்லாம் ஒரே கறுப்புதான். சந்தேகம் வந்தால் வளையத்தின் தடிமனை வர்னியரில் அளந்து குறித்துக்கொண்டு, ஒரு வாரம் நல்லெண்ணெயில் போட்டு, துடைத்து மறுபடி அளந்தால் தெரிந்துவிடும். சிலிக்கானுக்கு ஒரே குறை, வாடையை இழுத்துக்கொள்ளும். பூண்டு போட்ட வினிகர் பாட்டிலில் இருந்ததைக் கழற்றி ஒயினில் வைக்கக் கூடாது.

பாலிஷ் விஷயத்தில் அரக்கு எனக்கு மிகவும் பிடித்தது. சென்னபட்டணா பொம்மைக்காரர்கள் சுற்றும் மரத்தில் அரக்குக் கட்டியை அழுத்தி, அந்தச் சூட்டிலேயே உருக்கிப் பூசி, தாழை மடலால் மெருகேற்றுவார்கள். அந்த வழவழப்புக்கு ஈடு கிடையாது. ஆனால் அரக்கு சாராயத்தில் கரையும். ஒயின், பிராந்தி பாட்டில் மூடியில் ஒரு சொட்டு வழிந்து நின்றால் மெருகு போய்விடும். அந்த மூடிகளுக்குப் பாலியூரித்தேன் பூசுகிறேன். எண்ணெய் பாட்டில் மூடிக்கு அரக்கு தாராளமாகப் போடலாம். ஆளிவிதை எண்ணெய் பூசுகிறவர்கள் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். அது காயும்போது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காய வைத்துவிட்டுத்தான் குப்பையில் போட வேண்டும். கோடையில் மரத்தூளோடு இருக்கிற பட்டறையில் இதை மறக்கவே கூடாது.

உயரம் ரொம்ப வைக்காதீர்கள். விளிம்புக்கு மேல் 50 மி.மீ. தாண்டினால் ஒயின் பாட்டில் ஃபிரிட்ஜ் கதவில் நிற்காது, தட்டு இடிக்கும். உருண்டையாகவோ மாங்காய் வடிவத்திலோ, இரண்டு விரல் அடியில் பிடித்து இழுக்க ஓர் இடுப்பு விட்டுக் கடைந்தால் போதும். கண்காட்சியில் மாங்காய் வடிவம்தான் முதலில் கை போகிற சரக்கு.

முடித்த மூடியைப் பாட்டிலில் தண்ணீர் ஊற்றிப் போட்டு, ராத்திரி முழுக்கச் செய்தித்தாள் மேல் சாய்த்து வைப்பேன். தாளில் ஈரம் இருந்தால் அந்த மூடி விற்பனைக்கு இல்லை. ஒன்றை மட்டும் எல்லோரிடமும் அழுத்திச் சொல்கிறேன்: பொங்குகிற பானத்துக்கு இந்த மூடி கிடையாது. ஷாம்பெயின் வகை ஒயினில் உள்ளழுத்தம் கார் டயரைப்போல் இரண்டு மூன்று மடங்கு, ஐந்து ஆறு பார் வரை இருக்கும். வீட்டில் புளிக்க வைக்கிற கொம்புச்சா, இஞ்சி பீர் ஆகியவையும் அழுத்தம் கட்டும். இறுக்கமாகப் போட்டால் எவர்சில்வர் உருளை குண்டு மாதிரி பறக்கும், இல்லையென்றால் பாட்டில் உடையும். பரிசாகக் கொடுக்கிறவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும் என்று பெட்டிக்குள் ஒரு சீட்டில் எழுதி வைக்கிறேன்.

அந்தச் சீட்டோடு ஒரு சின்ன கவரில் மாற்று வளையங்கள் மூன்றும் போடுகிறேன். வளையம் தேய்ந்ததும் மூடியையே தூக்கிப் போட வேண்டியதில்லை. பழையதை எடுக்கப் பின்னூசியோ கத்தியோ வேண்டாம், காடியில் கீறல் விழுந்தால் அந்த வழியாகக் கசியும். பல்குச்சியால் நெம்பினால் வந்துவிடும். புதியதை மாட்டும் முன் ஒரு சொட்டு சமையல் எண்ணெய் தடவி, முறுக்காமல் உருட்டி ஏற்ற வேண்டும். முறுக்கோடு உட்கார்ந்தால் ஒரு பக்கம் மட்டும் தேயும்.